பெயர்ப்பலகை இல்லாத பட்டறையும் எங்கள் 55 செவியும்

எங்கள் பழைய ரேஸ் காரைச் சரி செய்ய எட்டு மாதம் என்றார்கள், இருபத்திரண்டு மாதம் ஆனது. 18,000 டாலர் என்று வாயால் சொன்ன மதிப்பீடு கடைசியில் 27,000-ஐத் தொட்டது. போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள், மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பதே அந்தக் கடைக்குத் தெரியாது. இவ்வளவையும் பட்ட பிறகும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுகிறேன். ஏன் என்று சொல்ல வேண்டும் இல்லையா, அதற்குத்தான் இவ்வளவு நீளம்.

கடையின் பெயரைப் போடவில்லை. போடாதே என்று பெரியவரே சொல்லிவிட்டார், இருக்கிற வேலையை முடிக்கவே ஆயுசு போதுமா தெரியவில்லையாம். ஒஹாயோவில், டேட்டனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பலகை கிடையாது. எழுபதைத் தாண்டிய அப்பாவும், வெல்டிங்கும் கணக்கும் பார்க்கும் மகளும், அவ்வளவுதான் ஆட்கள். என் பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார் பெரியவர், மீதி தேவைப்படவில்லை போலிருக்கிறது.

கார் 1955 செவர்லே 150, சுருக்கமாக 55 செவி, இரண்டு கதவு. என்னோடு வேலை பார்ப்பவரும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து வாங்கினோம். அது ஒரு கேஸர். இந்தச் சொல் புதிது என்றால்: அமெரிக்காவில் பெட்ரோலுக்கு கேஸ் என்று பேர், சமையல் கேஸ் இல்லை. 1950களில் டிராக் ரேஸ், அதாவது நேர்ப்பாதையில் ஜோடி ஜோடியாக மோதும் ரேஸ், ஓட்டியவர்களில் ஒரு கூட்டம் ஆல்கஹாலும் நைட்ரோமீத்தேனும் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தது. அதெல்லாம் இல்லாமல் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களுக்கு, இந்த ரேஸை நடத்தும் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ தனி வகுப்புகள் வைத்தது, அதில் ஓடியவை கேஸர். காரின் எடையை என்ஜினின் கன அங்குலத்தால் வகுத்து, வரும் எண்ணைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். எங்கள் காரில் இருப்பது 283 கன அங்குல செவி என்ஜினின் சிலிண்டர்களை 4 அங்குல விட்டத்துக்குக் குடைந்து 301 ஆக்கியது. பட்டறைத் தராசில் கார் 3,040 பவுண்டு காட்டியது. ஒரு கன அங்குலத்துக்குப் பத்து பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, ஆக இது ஊரை அலற வைத்த ரகம் கிடையாது. ஊரை அலற வைத்தவை, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் 6-71 புளோயர் மாட்டிய வில்லிஸ் கூப்பே கார்கள். ஸ்டோன், வுட்ஸ் அண்ட் குக் அணியும் பிக் ஜான் மஸ்மானியனும் இதே டேட்டன்காரரான ஒஹாயோ ஜார்ஜ் மான்ட்கமரியும் மாறி மாறி மோதிக்கொண்டதை கேஸர் சண்டைகள் என்றே இன்றும் சொல்கிறார்கள். அந்தப் புளோயரே டீசல் என்ஜினிலிருந்து கழற்றியது, ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதனால்தான் 6-71. லாரி, பஸ் என்ஜினுக்குக் காற்று ஊத வந்த சாமானைக் காரின் தலையில் வைத்துக் கட்டிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

சரி, கடைக்கு வருகிறேன். டிரெய்லரிலிருந்து காரை இறக்கியதும் பெரியவர் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார், அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதிய வகுப்பு எழுத்து பாதி அழிந்து கிடந்தது, அதைக் குனிந்து பார்த்தார். அப்புறம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கியர் குச்சிக்கு முன்னால், என்ஜினை ஒட்டி மேடாக இருக்கும் தரையில் விரலை வைத்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு ஒட்டுப் போட்டிருந்தது. துரு பிடித்த இடத்தில் யாரோ பட்டி பார்த்தது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். அவர் சொன்னார், இது துரு இல்லை, இங்கிருந்து கிளட்ச் வெளியே வந்திருக்கிறது.

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் கூடுதான் பெல் ஹவுசிங். பழைய காலத்து அலுமினிய பெல் ஹவுசிங்குக்குள் ஃபிளைவீல், கிளட்ச் இரண்டும் ஆறாயிரம், ஏழாயிரம் ஆர்பிஎம்மில் சுற்றும்போது ஏதாவது ஒன்று பிளந்தால் துண்டுகள் மேலே, பக்கத்தில் என்று பிய்த்துக்கொண்டு போகும், அதற்கு நேர் எதிரே இருப்பது ஓட்டுபவரின் கால். அந்த நாளில் இப்படிப் பாதத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தகடு வலது காலுக்கும் கியர் குச்சிக்கும் நடுவே இருந்தது, நான்கு அங்குலம் தள்ளியிருந்தால் வேறு கதை. பெரியவர் அடியில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினார், தகட்டைச் சுற்றித் தரை இரும்பு மேல் நோக்கிப் பிதுங்கியிருந்தது. அறுபது வருஷம் முன்னால் நடந்த ஒரு நொடி அங்கேயே நின்றுபோயிருந்தது.

அன்றைக்கு அவர் ஒரு ஆயில் ஃபில்டர் அட்டைப் பெட்டியைக் கிழித்து, பென்சிலால் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொரு பக்கம் போகட்டும் என்று எழுத ஆரம்பித்தார். இருக்கட்டும் பக்கத்தில் முதல் வரி அந்தத் தகடு. போகட்டும் பக்கத்தில் முதல் வரி அதற்கு அடியில் இருந்த பெல் ஹவுசிங். இந்த அட்டைக்காகத்தான் நான்கு நட்சத்திரம். இப்படிப்பட்ட காரை எடுத்துக்கொண்டு போனால் இரண்டு வகைப் பட்டறைகள் எதிர்ப்படும், நான் இரண்டையும் பார்த்துவிட்டேன். ஒன்று எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கி, பெயின்ட்டின் மேல் பெயின்ட் பூசி, 1963 வாடையே இல்லாமல் செய்துவிடும். இன்னொன்று பழசென்றால் பழசாகவே இருக்கணும் என்று ஐம்பது வருஷ பிரேக் குழாயையும் சேர்த்துக் கும்பிடும். எது நினைவு, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளை நான் இங்கேதான் கண்டேன்.

ஆக அலுமினிய ஹவுசிங் போய், ரேஸ் சாமான்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐயின் முத்திரையுள்ள தடித்த எஃகு ஹவுசிங் வந்தது. ஒற்றை அறை பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போனது. அதில் ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது, அமெரிக்கக் கார்களுக்கு இரட்டை அறை பொதுவாக வந்ததே 1967 வாக்கில்தான். ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாம் போயின, இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும். சீட் பெல்ட் புதிது, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் புதிது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் கார்டன் ஷாஃப்ட் முன்பக்கம் அறுந்தால் தரையில் குத்தாமல் தாங்கும் வளையமும் புதிது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைக் கழற்றிக் காந்தம் ஏற்ற அனுப்பி, திரும்பி வந்ததை அதே அழுக்கோடு மாட்டினார்கள். டிங்கரிங், பெயின்ட் எதுவும் இல்லை. கதவில் சுத்தியலால் அடித்து எடுத்த பள்ளம்கூட அப்படியே இருக்கிறது.

இப்போது முன் ஆக்சில். கேஸர் என்றாலே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதற்குக் காரணம் இதுதான். அன்றைய ரேஸ் டயர்களுக்குப் பிடிப்பு குறைவு. எனவே காரின் கனத்தை உயரத்தில் வைத்தால், கிளட்சை விடும்போது அது பின்னால் சாய்ந்து பின் டயரை அழுத்தும் என்பது கணக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாமா என்றால் இல்லை, கிராங்க் ஷாஃப்ட்டின் நடுக்கோடு தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. என்ஜினைப் பின்னால் தள்ளவும் வீல்பேஸில் 10 சதவீதம் என்ற வரம்பு உண்டு. 55 செவியின் வீல்பேஸ் 115 அங்குலம், ஆக 11.5. எங்கள் காரைக் கட்டிய ஆள் சரியாக 11 அங்குலம் தள்ளியிருந்தார், சோதனைக்காரர் டேப்பை எப்படிப் பிடித்தாலும் மாட்டாத அளவு. கெட்டிக்கார மனுஷன், யாரென்று தெரியவில்லை.

தொழிற்சாலையில் வந்த தனித்தனி முன் சஸ்பென்ஷனை அறுத்தெறிந்துவிட்டு ஃபோர்டு எகோனோலைன் வேனின் முன் ஆக்சிலை வைத்திருந்தார். லாரிக்கு இருப்பது போலவே குறுக்கே ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நுனியில் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின். பட்டையைத் தாங்கும் கொக்கிகளின் வெல்டிங் மேலுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. மகள் அதைத் துடைத்துவிட்டுச் சிவப்புச் சாயத்தை அடித்தார், பத்து நிமிஷம் விட்டார், துடைத்தார், மேலே வெள்ளைப் பொடியை ஸ்பிரே செய்தார். எதுவும் இல்லை என்று நான் திரும்பப் போனபோது அந்த வெள்ளையில் தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. அப்புறம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. நான்கு கொக்கியில் மூன்றில் விரிசல். மூன்றையும் அறுத்துப் புதிதாக வைத்தார், நான்காவதையும் அறுத்தார், மூன்று போன இடத்தில் நான்காவதை எப்படி நம்புவது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் வெல்டிங்கைப் பார்க்கவே ஒரு தடவை போய் வரலாம், நாணயங்களைச் சாய்த்து அடுக்கிய மாதிரி வரிசை.

ஆனால் முதல் ஓட்டத்திலேயே ஸ்டியரிங் பேயாட்டம் ஆடியது. மணிக்கு 35 மைலைத் தாண்டியதும் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று உதற ஆரம்பித்து, வண்டியை நிறுத்தினால்தான் நின்றது. என் கை அரை மணி நேரம் நடுங்கியது. இது கடையின் தப்பு, அவர்களே ஒத்துக்கொண்டார்கள். புதுக் கொக்கி வைக்கும்போது ஆக்சிலின் சாய்வு குறைந்துவிட்டிருக்கிறது. சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம், அதே மாதிரி கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எங்களுடையது இரண்டு டிகிரிதான் காட்டியது, குறைந்தது ஆறு டிகிரி வேண்டும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடுகளைச் செருகிச் சரி செய்தார்கள். வேலை என்னவோ ஒரு மத்தியான வேலை, அதற்கு ஐந்து வாரம் காக்க வைத்தார்கள். காசு வாங்கவில்லை.

பெரிய அடி என்ஜினில். பிளாக் வேலைக்காக வெளியே ஒரு மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார்கள், அந்தப் பெயரும் இங்கே வேண்டாம். வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் புதிது, அதன் மேல் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் லிஃப்டர் புதிது, எல்லாம் கோர்த்து வந்தது. இந்தப் பழைய ரக லிஃப்டரில் உருளை கிடையாது, அடிப்பாகம் நேராகக் கேமின் மேல் தேய்ந்துகொண்டே ஓடும். அடியில் கண்ணுக்குத் தெரியாத குவிவு, கேமில் முட்டை என்று சொல்லும் முட்டை வடிவ மேட்டில் மெல்லிய சரிவு, இரண்டும் சேர்ந்து லிஃப்டரைச் சுழல வைக்கும். சுழன்றால் பிழைக்கும், சுழலாவிட்டால் சில நிமிஷத்தில் கேம் காலி. அதனால் முதல்முதலாகக் கிளப்பும்போது ஐடிலில் விடவே கூடாது, கேமுக்கு எண்ணெய் தெறிக்க வேண்டுமென்றால் 2,000-க்கு மேல் பிடித்து இருபது முப்பது நிமிஷம் ஓட்ட வேண்டும். எண்ணெயில் துத்தநாகச் சேர்மானம் நிறைய இருக்க வேண்டும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று இன்றைய கார் எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள். வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங் என்றால், கேமின் மேல் அழுத்தம் குறையட்டும் என்று உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது வழக்கம். மெஷின் ஷாப் உள் ஸ்பிரிங்கையும் போட்டே அனுப்பியிருந்தது, பெரியவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

பத்து நிமிஷத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம். பெரியவர் உடனே அணைத்துவிட்டார். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, டப்பா வெட்டுவது போன்ற ஒரு கருவியால் சுற்றிலும் வெட்டி, உள்ளே இருந்த மடிப்புத் தாளை எடுத்து மேஜையில் விசிறி மாதிரி விரித்தார். மடிப்புக்கு மடிப்பு ஜிகினா. ஒரு காந்தத்தைத் தாளுக்கு அடியில் வைத்து நகர்த்தினார், மேலே ஜிகினா கூடவே ஊர்ந்தது. ஒருவரும் பேசவில்லை. ஒரு முட்டை பாதியாய்த் தேய்ந்து, அதன் லிஃப்டரின் அடி குழிந்து போயிருந்தது. என்ஜினை மறுபடி முழுக்கப் பிரித்து, எண்ணெய் வழிகளைப் பிரஷ் விட்டுக் கழுவி, புதுக் கேமும் புதுப் பேரிங்கும் போட நான்கரை மாதம். மெஷின் ஷாப் பைசா தரவில்லை. பெரியவர் கூலியை விட்டுவிட்டார், சாமான் காசு எங்கள் தலையில். பார்க்காதது என் தப்பு என்று அவராகவே சொன்னார் என்பதை நான் மறக்கவில்லை, ஆனால் 1,400 டாலர் போனதையும் மறக்கவில்லை. ஒரு நட்சத்திரம் குறைந்தது இங்கேதான்.

காத்திருப்பைப் பற்றித் தனியாகப் புலம்ப மாட்டேன். ஒன்று மட்டும்: கார் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நேரில் போங்கள், சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு, டோனட் வாங்கிக்கொண்டு. அன்றைக்கு மட்டும் எல்லா விவரமும் வரும், சில சமயம் வேலையும் நடக்கும். என் வீட்டில், "ஏங்க, அந்தக் கடைக்காரர் மருமகனா தத்து எடுத்துக்கிட்டாரா உங்களை?" என்று கேட்கும் அளவுக்குச் சனிக்கிழமைகள் போயின. பில் மட்டும் படுசுத்தம். மணிக்கு 85 டாலர் கூலி, எந்த நாளில் எத்தனை மணி நேரம், எந்த போல்ட் என்ன விலை என்று மகள் கையால் எழுதிய நோட்டின் நகல் தருகிறார். கூட்டிப் பார்த்தேன், ஒரு டாலர்கூடப் பிசகவில்லை.

ஓடியதா? ஓடியது. போன செப்டம்பரில் எட்டில் ஒரு மைல் பாதை ஒன்றில், பழைய கார்களுக்கான நாளில். இந்தக் காலத்து கேஸர் கூட்டங்கள் பெரும்பாலும் எட்டில் ஒரு மைல்தான் ஓட்டுகின்றன, கால் மைலுக்கு இந்த வயசில் வண்டியும் தாங்காது, சொந்தக்காரர்களும் தாங்க மாட்டார்கள். சோதனையில் ஹெல்மெட் முத்திரை, பெல்ட்டின் தேதி, கார்டன் ஷாஃப்ட் வளையம் எல்லாவற்றையும் பார்த்தார்கள், பெல் ஹவுசிங்கின் எஸ்எஃப்ஐ தகட்டை டார்ச் அடித்துத் தேடினார்கள். பெரியவர் அதைக் கண்ணில் படுகிற பக்கமாகவே மாட்டியிருந்தார். நான் 5,000-க்கு ஏற்றி கிளட்சை விட்டேன். மூக்கு எழுந்தது, முன்னால் இருந்த பாதை காணாமல் போய் வானமும் பானெட்டும் மட்டும் தெரிந்தன. டி-10 கியர்பாக்ஸில் இரண்டாவதைக் குத்தும்போது கார் ஒரு தடவை முனகிவிட்டு நேராகவே போனது. ஸ்டியரிங்கில் சின்ன உதறல்கூட இல்லை. கையில் கொடுத்த நேரச் சீட்டில் 7.94 நொடி, மணிக்கு 88 மைல். பக்கத்துத் தடத்தில் ஓடிய ஆங்லியா என்ற குட்டி ஃபோர்டு கார் என்னை மூன்று கார் நீளத்தில் விட்டுவிட்டுப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்து காரை அணைத்ததும் முதலில் கையை வைத்தது அந்த ஒட்டுத் தகட்டில்தான். சூடாக இருந்தது.

ஷோவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் கார் வேண்டும் என்றால் இந்தக் கடை உங்களுக்கு ஆகாது, கேட்டாலும் செய்ய மாட்டார்கள். தேதி சொன்னால் தேதிக்கு வேண்டும் என்பவர்களும் போக வேண்டாம், ரத்தக்கொதிப்பு வரும். கையில் இருக்கும் மதிப்பீட்டோடு பாதியைக் கூட்டி வைத்துக்கொண்டு, என்ஜின் வெளியே போய்த் திரும்பி வரும்போது ராக்கர் மூடியைக் கழற்றி உள் ஸ்பிரிங் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கத் தெரிந்தவராக இருந்தால், கேளுங்கள், வழி சொல்கிறேன்.

இப்போது மூன்றாவது கியரில் ஒரு முனகல் கேட்கிறது. போன சனிக்கிழமை டோனட்டோடு போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மார்ச்சில் கொண்டுவா, கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். எந்த வருஷத்து மார்ச் என்று நான் கேட்கவில்லை.